பாட்டி சொல்லாமல் விட்டதும் நாவல் சொன்னதும்

நம் வீடுகளில் முந்தைய தலைமுறையின் கஷ்டங்கள் பெரும்பாலும் இரண்டே வடிவங்களில்தான் நம்மை வந்தடைந்திருக்கின்றன. ஒன்று அறிவுரை. தட்டில் சோற்றை மீதம் வைத்தாலோ, செருப்பு அறுந்தவுடன் புதியது கேட்டாலோ, தேர்வில் மதிப்பெண் குறைந்தாலோ உடனே எழும் குரலை நாம் எல்லோரும் அறிவோம். 'அந்தக் காலத்துல நாங்க பட்ட பாட்டுக்கு' என்று தொடங்கும் அந்த வாக்கியம் நம் நடத்தையைப் பற்றிய தீர்ப்பில் போய் முடியும். மற்றொன்று மௌனம். பாட்டியின் முதல் இரண்டு குழந்தைகள் எப்படி இறந்தன, தாத்தா ஏன் ஒருநாள் ஊரைவிட்டுப் போனார், பெரிய அத்தைக்கு ஏன் கல்யாணம் ஆகவே இல்லை என்று கேட்டால், 'அதெல்லாம் இப்ப எதுக்கு' என்று பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். அறிவுரையாக வந்த கஷ்டத்தை நாம் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. மௌனத்துக்குள் இருந்ததை இரண்டாம் முறை கேட்கவும் இல்லை.

நம்மில் பலருக்கு இந்த இடைவெளியை ஓரளவேனும் நிரப்பியவை நாவல்கள். சொந்தப் பாட்டியிடம் தெரிந்துகொள்ளாததை ஏதோ ஒரு நாவலின் நாயகியிடம் தெரிந்துகொண்டவர்கள் நாம். இதில் கொஞ்சம் வெட்கமும் உண்டு. அடுத்த அறையில் படுத்திருந்த மனுஷியை விட்டுவிட்டுக் காகிதத்தில் இருந்த மனுஷிக்காகக் கண் கலங்கியிருக்கிறோம். ஆனாலும் அந்தக் கலக்கம் வீண் என்று தள்ளிவிட மனம் வரவில்லை. கதை மாந்தர் வழியாக முந்தைய தலைமுறையை அறிவது என்பது என்ன வகையான அறிதல், அது எங்கே நமக்கு உதவுகிறது, எங்கே நம்மை ஏமாற்றுகிறது என்பதைச் சில தமிழ் நாவல்களை முன்வைத்து யோசித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

முதலில் ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிட வேண்டும். வீட்டுப் பெரியவர் தாம் பட்ட துன்பத்தைச் சொல்லும்போது அவர் கரையேறியிருக்கிறார். அவர் உயிரோடு நம் எதிரில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருப்பதே கதையின் முடிவை நமக்குச் சொல்லிவிடுகிறது. பசித்திருந்தேன், படித்தேன், வேலைக்குப் போனேன், வீடு கட்டினேன் என்று அவருடைய கஷ்டங்களுக்குத் தானாகவே ஓர் ஒழுங்கும் அர்த்தமும் வந்து சேர்ந்துவிடுகின்றன. நல்ல நாவலின் பாத்திரமோ ஆற்றின் நடுவில் நிற்கிறது. மறுகரை என்ற ஒன்று இருக்கிறதா என்பதே அதற்குத் தெரியாது. உண்மையில் முந்தைய தலைமுறை வாழ்ந்தது அந்தத் தெரியாமைக்குள்தான். நாம் 1950 என்றும் 1970 என்றும் நிதானமாகச் சொல்லும் வருடங்கள், அவர்களுக்கு விடிந்தால் என்ன ஆகுமோ என்ற இன்றைய தினங்களாக இருந்தன. பெரியவர்களின் சொல்லில் தேய்ந்துபோகும் இந்தத் தெரியாமையைக் கதை மாந்தர்கள் நமக்குப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

*

அசோகமித்திரனின் 'தண்ணீர்' 1973இல் வெளிவந்த சிறிய நாவல். சென்னையில் ஒரு தெரு, குழாய்கள் வறண்டுபோன ஒரு காலம். திரைப்பட வாய்ப்புக்காகப் பாஸ்கர் ராவை நம்பித் தன் வாழ்க்கையைக் கெடுத்துக்கொண்ட ஜமுனா, ராணுவத்தில் இருக்கும் கணவனுக்காகக் காத்திருக்கும் தங்கை சாயா, அதே தெருவில் குடியிருக்கும் டீச்சரம்மா ஆகியோரே முக்கியப் பாத்திரங்கள். கதை என்று சுருக்கிச் சொல்ல அதிகம் இல்லை. குடத்தை எடுத்துக்கொண்டு எங்கே போவது என்பதுதான் பக்கத்துக்குப் பக்கம் கேள்வியாக இருக்கிறது.

தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றி நம் தாய்மார்கள் சொல்லியிருக்கிறார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்தது, அடிபம்பில் கை காய்த்துப்போனது, குழாயடியில் சண்டை போட்டது எல்லாம் நாம் சிரித்துக்கொண்டே கேட்ட கதைகள். ஆனால் மனம் உடைந்து கிடக்கும் ஒருத்தி அந்த உடைந்த மனத்தோடு தண்ணீருக்கு வரிசையில் நிற்க வேண்டியிருந்தது என்பது நாம் யோசிக்காத ஒன்று. ஜமுனா சாகக்கூட முயல்கிறாள். ஆனால் சாவதற்கும் சாகாமல் இருப்பதற்கும் நடுவில் வீட்டுக்குத் தண்ணீர் பிடித்தாக வேண்டும். துக்கத்துக்கென்று தனியாக நேரம் ஒதுக்க முடியாத வாழ்க்கை அது. 'எங்களுக்கு அழக்கூட நேரமில்லை' என்று பெரியவர்கள் சொல்லும்போது அதை ஓர் அலங்காரப் பேச்சாக எடுத்துக்கொண்ட நமக்கு, அது வெறும் தகவல் என்பதை ஜமுனா புரியவைக்கிறாள்.

அந்த நாவலில் டீச்சரம்மா தன் வாழ்க்கையை ஜமுனாவிடம் சொல்லும் இடம் ஒன்று உண்டு. சிறு வயதில், தன்னைவிடப் பல வயது மூத்த, இருமிக்கொண்டே இருக்கும் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டது, மாமியாரின் கொடுமை, வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்குவது என்று அவள் சொல்லிக்கொண்டு போகிறாள். மேலோட்டமாகப் பார்த்தால் இதுவும் மூத்தவள் இளையவளுக்குச் சொல்லும் அறிவுரைதான். நம் வீட்டில் கேட்டது போன்றதுதான். இருந்தும் இது வேறு விதமாக நம்மைத் தொடுகிறது. காரணம் எளியது. சொல்லி முடித்ததும் டீச்சரம்மா அதே வீட்டுக்கு, அதே மாமியாரிடம், அதே இருமலுக்குத் திரும்பிப் போக வேண்டும். அவள் இன்னும் கரையேறவில்லை. தன் துன்பத்தை ஒரு வெற்றிக் கதையாக மாற்றிக்கொள்ளும் வசதி அவளுக்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் அவள் சொல் ஜமுனாவிடம் வேலை செய்கிறது.

நாவலுக்கு வெளியே அந்த ஆற்றுக்கு மறுகரை எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். வீராணம் ஏரியிலிருந்து சென்னைக்கு நீர் கொண்டுவரும் பழைய திட்டம் பாதியில் நின்றுபோய், அதற்காகச் செய்யப்பட்ட ராட்சதக் குழாய்கள் சாலையோரங்களில் ஆண்டுக்கணக்கில் கிடந்தன. வீடற்ற மக்கள் அவற்றுக்குள் குடித்தனம் நடத்தினார்கள். கிருஷ்ணா நீருக்கான ஒப்பந்தம் 1983இல் கையெழுத்தாகி, 1996இல்தான் அந்த நீர் தமிழகத்தை எட்டியது. புதிய வீராணம் திட்டம் நிறைவேறியது 2004இல். ஜமுனாவின் தெருவில் குடம் தூக்கிய பெண் ஒருத்தி, இவற்றையெல்லாம் பார்ப்பதற்கு முன் தன் இளமை முழுவதையும் வரிசையில் கழித்திருப்பாள். 2019 கோடையில் நகரின் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்கு மறுபடியும் குடங்கள் வரிசை கட்டியபோது, பதறிப்போனவர்கள் இளையவர்கள்தாம். எந்தக் குடம் குடிக்க, எந்த வாளி கழுவ, எதைக் கழுவிய நீரை எதற்கு மீண்டும் பயன்படுத்தலாம் என்ற கணக்கு மூத்த பெண்களின் கையில் இருந்தது. அந்தக் கணக்கு எங்கே கற்றது என்று அன்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

*

ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' 1964இல் வெளிவந்தது. குமரி மாவட்டத்தின் பனைவிளைக் கிராமம் ஒன்றில், பழைய செல்வாக்கை இழந்துகொண்டிருக்கும் ஒரு நாடார் கிறித்தவக் குடும்பம் அதன் களம். அந்த வீட்டுப் பெண் லிஸி. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த சிறுமி, பருவமெய்தியதும் வீட்டுக்குள் நிறுத்தப்படுகிறாள். பனையேறும் குடும்பத்துத் தங்கராஜ் மீது அவளுக்கு உண்டாகும் அன்பும், அந்த அன்பைச் சொல்லவும் முடியாமல் விடவும் முடியாமல் அவள் காத்திருக்கும் வருடங்களும் நாவலாகியிருக்கின்றன. தங்கராஜும் அவர்கள் சாதிக்காரன்தான். ஆனால் பனை உள்ளவர்களும் பனை ஏறுகிறவர்களும் ஒன்றாகிவிட முடியாது என்பது புத்தம் வீட்டின் நியதி.

'நாங்களெல்லாம் வயசுக்கு வந்ததும் வாசல்படி தாண்டினதில்லை' என்று பெருமையும் குறையும் கலந்த குரலில் சொன்ன பாட்டிமாரை நமக்குத் தெரியும். அந்த வாக்கியத்தை ஒரு பழக்கவழக்கத்தின் வர்ணனையாக மட்டுமே கேட்டிருக்கிறோம். அந்த வாசல்படிக்கு உள்ளே ஒரு நாள் எவ்வளவு நீளமானது என்பதை லிஸி காட்டுகிறாள். அவள் கலகம் செய்யவில்லை, ஓடிப்போகவில்லை, உரக்கப் பேசவும் இல்லை. இன்றைய வாசகருக்கு, குறிப்பாக இன்றைய பெண் வாசகருக்கு, அவள்மீது கோபம் வரலாம். ஏன் இவள் எதிர்க்கவில்லை என்று கேட்கத் தோன்றலாம். அந்தக் கோபம் வரும்போதுதான் நாம் அந்தத் தலைமுறைக்கு அருகில் செல்கிறோம் என்பது நம் எண்ணம். நம் கையில் இருக்கும் சொற்கள், சட்டங்கள், சம்பளம், பேருந்து வசதி எதுவும் இல்லாத இடத்தில், மனத்தை மாற்றிக்கொள்ளாமல் இருப்பதே ஒரு பெண்ணால் செய்ய முடிந்த பெரிய எதிர்ப்பாக இருந்திருக்கக்கூடும். லிஸி கடைசிவரை மனத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

இதன் பின்னணியில் இன்னொரு வரலாறும் இருக்கிறது. நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகத் தென் திருவிதாங்கூரில் பல ஆண்டுகள் போராட்டம் நடந்தது. 1859இல் திருவிதாங்கூர் அரசு அதற்கு இடமளித்து ஆணை வெளியிட்டது. தம் பெண்களின் மானத்துக்காக அடியும் உதையும் பட்ட ஒரு சமூகம், சில தலைமுறைகளுக்குப் பின், சற்று வசதி வந்த வீடுகளில், பெண்ணை உள்ளே வைத்திருப்பதையே மானத்தின் அடையாளமாக்கிக்கொண்டது. ஒரு தலைமுறை வென்று வாங்கியது அடுத்தடுத்த தலைமுறைக்கு வேலியாகவும் மாறக்கூடும். முன்னோரின் போராட்டங்களைப் பெருமையாக மட்டுமே பேசும் மேடைப்பேச்சுகளில் இதைக் கேட்க முடியாது. கண்ணப்பச்சி என்று லிஸி அழைக்கும் அந்தத் தாத்தாவை வெறுக்கவும் முடியாமல் முழுதாக மன்னிக்கவும் முடியாமல் நாவலை மூடும்போதுதான் இது புரிகிறது. நம் வீட்டுப் பெரியவர்களிடமும் நமக்கு இதே உணர்வு இருந்ததுண்டு, அதற்குப் பெயர் சொல்லத்தான் தெரியவில்லை.

*

மூன்றாவதாக எடுத்துக்கொள்ள விரும்புவது 'எரியும் பனிக்காடு'. இதன் வரலாறே நம் பொருளுக்கு ஓர் உவமை போல இருக்கிறது. பி.எச். டேனியல் 1940களில் வால்பாறைப் பகுதியின் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றியவர். தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைப்பதிலும் ஈடுபட்டவர். முதிய தொழிலாளர்களிடம் கேட்டறிந்தவற்றை அடிப்படையாகக் கொண்டு 'ரெட் டீ' என்ற நாவலை ஆங்கிலத்தில் எழுதினார். அது 1969இல் வெளிவந்தது. இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் தமிழில் வெளிவந்தது 2007இல். தமிழ் பேசிய, எழுதப் படிக்க வாய்ப்பு மறுக்கப்பட்ட மனிதர்களின் கதை, ஆங்கிலத்தின் வழியாக முப்பத்தெட்டு ஆண்டுகள் சுற்றி, அவர்களுடைய பேரப்பிள்ளைகள் படிக்கும் தமிழுக்கு வந்து சேர்ந்தது. தாத்தாவுக்கும் பேரனுக்கும் நடுவே ஒரு மருத்துவரும் ஒரு மொழிபெயர்ப்பாளரும் தேவைப்பட்டிருக்கிறார்கள்.

திருநெல்வேலிச் சீமையின் வறண்ட கிராமத்திலிருந்து கருப்பனும் வள்ளியும் 1920களில் ஆனைமலைத் தோட்டங்களுக்குப் புறப்படுகிறார்கள். மேஸ்திரி கொடுக்கும் முன்பணமே அவர்கள் கழுத்தில் விழும் கயிறு. அந்தப் பணம் அடைபடாமல் மலையிறங்க முடியாது. கூலியில் பிடித்தம் போக மிஞ்சுவதைக் கொண்டு அதை அடைக்கவும் முடியாது. குளிரும் அட்டைகளும் மலேரியாவும் போகக் காத்திருப்பது அதிகாரிகளின் அத்துமீறல். தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951இல்தான் வந்தது. அதற்கு முன் அங்கே செத்தவர்களுக்கு அந்தச் சட்டம் வரும் என்பது தெரியாது.

இந்த நாவலில் நம்மை அதிகம் உறுத்துவது வெள்ளைக்காரத் துரைகளின் கொடுமை அல்ல. அதை நாம் எதிர்பார்த்தே புத்தகத்தைத் திறக்கிறோம். உறுத்துவது புறப்படும்போது கருப்பனுக்கும் வள்ளிக்கும் இருக்கும் மகிழ்ச்சி. நல்ல சாப்பாடும் துணிமணியும் கிடைக்கும், கொஞ்ச நாளில் பணத்தோடு ஊர் திரும்பலாம் என்ற கனவு. நமக்கு முடிவு தெரியும், அவர்களுக்குத் தெரியாது. போகாதே என்று பக்கத்துக்குள் கையை நீட்டித் தடுக்க வேண்டும் போலிருக்கிறது. 'ஏமாந்து போனோம்' என்று ஒற்றைச் சொல்லில் ஒரு முதியவர் முடித்துவிடும் விஷயம் இது. அந்த ஏமாற்றத்துக்கு முன்னால் ஒரு நம்பிக்கை இருந்தது, அது முட்டாள்தனம் அல்ல, பசித்தவர்களின் நியாயமான கணக்கு என்பதை அந்த ஒற்றைச் சொல் நமக்குத் தராது.

இதே நாவலைத் தழுவிப் பாலா இயக்கிய 'பரதேசி' 2013இல் வந்தது. பலர் அதைப் பார்த்த பிறகே நாவலைத் தேடிப் படித்தார்கள் என்ற அளவில் அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் நாவலில் தொழிலாளர் பக்கம் நிற்கும் மருத்துவர் திரையில் மதம் பரப்பும் கேலிப் பாத்திரமாகிவிட்டார். நாவல் சங்கத்தை நோக்கியும் மாற்றத்தை நோக்கியும் கொஞ்சம் வெளிச்சம் வைக்கும் இடத்தில் படம் அலறலில் முடிகிறது. முந்தைய தலைமுறையை முழுக்க முழுக்கத் துன்பமாகவே காட்டுவதும் ஒருவகையில் அவர்களைச் சிறுமைப்படுத்துவதுதான். அவர்கள் அழுதது போலவே திட்டமிட்டார்கள், பேரம் பேசினார்கள், சிரித்தார்கள், கூடிச் சங்கம் வைத்தார்கள்.

*

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபணை எழும். ஜமுனாவும் லிஸியும் வள்ளியும் இருந்ததே இல்லை. இல்லாத மனிதர்களின் துயரம் இருந்த மனிதர்களின் துயரத்துக்கு எப்படிச் சாட்சியாகும்? வரலாறு வேண்டுமென்றால் ஆவணங்களுக்கும் வாய்மொழிப் பதிவுகளுக்கும் போக வேண்டியதுதானே?

போகத்தான் வேண்டும். கூலி எவ்வளவு, சாவு எத்தனை, எந்த ஆண்டு எந்தச் சட்டம் என்பதை நாவலிலிருந்து எடுத்துக்கொண்டு வாதாடக் கூடாது. நாவலை ஆவணமாகப் பயன்படுத்துகிறவர்கள் இரண்டுக்கும் தீங்கு செய்கிறார்கள். அதேசமயம், தோட்டத்துப் பதிவேட்டில் வள்ளி ஒரு பெயராகவும் ஒரு கூலியாகவும் மட்டுமே இருப்பாள். அந்தப் பதிவேட்டை எழுதியவர் அவளுடைய முதல் இரவின் குளிரைக் குறித்துவைக்க வேண்டிய அவசியம் இருந்ததில்லை. மாநகராட்சியின் கணக்குகள் எவ்வளவு நீர் குறைந்தது என்பதைச் சொல்லும். அந்தக் குறைவு ஒரு தெருவில் இரண்டு சகோதரிகளுக்கு நடுவில் என்ன செய்தது என்பதைச் சொல்லாது.

இதைவிட முக்கியமான ஆட்சேபணையை நாமே நம்மீது வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு நாவலும் ஒரு ஜன்னல். ஜன்னலுக்குச் சட்டம் உண்டு. 'தண்ணீர்' காட்டுவது சென்னையின் கீழ் நடுத்தர வர்க்கத் தெரு ஒன்றை. அதே பஞ்சத்தில் சேரியில் இருந்தவர்கள் எந்தக் குழாயில் பிடித்தார்கள் என்பதற்கு வேறு நாவல் வேண்டும். 'புத்தம் வீடு' வீட்டுக்குள்ளிருந்து பனையைப் பார்க்கிறது. நாளுக்கு இரண்டு மூன்று முறை அந்தப் பனைகளில் ஏறி அக்கானி இறக்கியவன் மேலிருந்து வீட்டைப் பார்த்தபோது என்ன தெரிந்தது என்பதை நாம் ஊகிக்கத்தான் வேண்டும். பூமணியின் 'பிறகு' 1979இல் வெளிவந்தபோது, செருப்புத் தைக்கும் அழகிரியின் வாழ்க்கை வழியாக, சுதந்திரத்துக்குப் பிறகு என்று நாம் கொண்டாடிய காலம் கிராமத்தின் விளிம்பில் எப்படி இருந்தது என்று தெரிந்தது. பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது இன்னொரு ஜன்னல் திறந்தது. ஒரே காலத்தைப் பற்றிப் பல நாவல்களைப் படிக்காதவர், ஒரே உறவினரிடம் குடும்பக் கதை கேட்டவரைப் போன்றவர்.

*

ஏமாற்றம் எங்கே நிகழ்கிறது என்று தொடக்கத்தில் கேட்டிருந்தோம். அது நாம் யாரோடு நம்மை அடையாளப்படுத்திக்கொள்கிறோம் என்பதில் நிகழ்கிறது. கதை படிக்கும்போது எல்லோரும் துன்பப்படுகிறவர் பக்கமே நிற்கிறோம். வள்ளிக்காக அழும் எவருக்கும் தன் தாத்தா மேஸ்திரியாக இருந்திருக்கலாம் என்று தோன்றுவதில்லை. லிஸிக்காக வருந்தும் எவருக்கும் தன் பாட்டியே ஒரு லிஸியை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கலாம் என்று தோன்றுவதில்லை. ஆனால் மேஸ்திரிகள் நம் ஊர்க்காரர்கள். நம் மொழி பேசியவர்கள். அவர்களுக்கும் பேரப்பிள்ளைகள் உண்டு. அந்தப் பேரப்பிள்ளைகளும் இன்று நாவல் படிக்கிறார்கள். டீச்சரம்மாவின் மாமியாருக்கும் ஒரு குடும்பம் இருந்தது, அவளையும் யாரோ 'எங்கள் பாட்டி பட்ட கஷ்டம்' என்று நினைவுகூரக்கூடும். அதுவும் பொய்யாக இராது.

இந்த இடத்தில் அசோகமித்திரனின் மற்றொரு நாவல் கைகொடுக்கிறது. 1977இல் வெளிவந்த 'பதினெட்டாவது அட்சக்கோடு', 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் ஹைதராபாத் சமஸ்தானத்துக்குள் நுழைந்ததை ஒட்டிய நாட்களைச் சொல்கிறது. நிஜாம் ஆட்சியில், ரஜாக்கர்களின் அச்சுறுத்தலுக்கு நடுவே, செகந்திராபாத்தில் வளரும் தமிழ் இளைஞன் சந்திரசேகரன். கிரிக்கெட், கல்லூரி, பசுமாடு என்று போகும் அவன் நாட்களுக்குள் பயம் கொஞ்சம் கொஞ்சமாக நுழைகிறது. அதுவரை நாம் அவனோடு சேர்ந்து பயப்படுகிறோம். கடைசியில் நிலைமை தலைகீழாகிறது. கலவரத்தில் சிக்கிய ஒரு முஸ்லிம் வீட்டில், தன் குடும்பத்தைக் காப்பாற்றுவதற்காக ஒரு பெண் தன்னையே தர முன்வருகிறாள். அவள் கண்ணுக்கு அவன் பயப்பட வேண்டிய மனிதன். அவன் அருவருப்பும் அவமானமும் தாங்காமல் அங்கிருந்து ஓடுகிறான்.

அந்த ஓட்டத்தில் வாசகரும் ஓட வேண்டியிருக்கிறது. இத்தனை பக்கங்களாகத் துன்பப்படுபவன் என்று நாம் தோளில் சுமந்தவன், இன்னொருவரின் கதையில் துன்பம் தருபவன். சந்திரசேகரன் எந்தக் குற்றமும் செய்யவில்லை. ஆனாலும் அந்தப் பெண்ணின் நினைவில் அவன் எந்தப் பக்கம் நிற்பான் என்பதை அவனால் மாற்ற முடியாது. ஹைதராபாத்திலிருந்து பிற்பாடு ஊர் திரும்பிய குடும்பங்களில் ரஜாக்கர் பயத்தைச் சொன்ன பெரியவர்கள் உண்டு. இந்தக் கடைசிக் காட்சியை ஒத்த ஒன்றை எந்தத் தாத்தா தன் பேரனிடம் சொல்லியிருப்பார்? வீட்டில் சொல்லப்படாதது பெரும்பாலும் பட்ட துன்பம் அல்ல, பட்ட வெட்கம். அதைச் சொல்ல ஓர் இல்லாத மனிதன் தேவைப்படுகிறான். யாரும் தன்மீது சுமத்திக்கொள்ள வேண்டியிராத ஒரு பெயரில்தான் அதைச் சொல்ல முடியும். கதை மாந்தரின் மிகப்பெரிய பயன் இதுவே என்றுகூட நமக்குத் தோன்றுகிறது.

ஆகவே முந்தைய தலைமுறையின் கஷ்டத்தை நாவல் வழியாக அறிந்தவர், அந்தக் கஷ்டத்துக்கு வாரிசுரிமை கோருவதில் கொஞ்சம் நிதானம் காட்ட வேண்டும். நம் முன்னோர் பசித்திருந்தார்கள் என்பது நமக்குக் கிடைத்த பதக்கம் அல்ல. அவர்களுடைய பசியை நாம் அனுபவிக்கவில்லை. படித்தோம், அவ்வளவுதான். படித்ததால் நமக்கு ஓர் உரிமை கிடைக்கிறதென்றால், அது அவர்களைப் பற்றிச் சரியான கேள்விகளைக் கேட்கும் உரிமை மட்டுமே.

*

அந்தக் கேள்விகளைப் பற்றிச் சொல்லி முடித்துக்கொள்ளலாம். 'அந்தக் காலத்தில் ரொம்பக் கஷ்டமா?' என்று கேட்டால் 'ஆமாம்' என்ற பதில்தான் வரும், அல்லது அறிவுரை வரும். அது அவர்கள் குற்றம் அல்ல, நம் கேள்வியின் குற்றம். 'தண்ணீர்' படித்தவர் அப்படிக் கேட்க மாட்டார். எந்தக் குழாய்க்குப் போவீர்கள், எத்தனை குடம், கூட யார் வருவார்கள், வரிசையில் யாரோடு பேசாமல் இருந்தீர்கள் என்று கேட்பார். 'புத்தம் வீடு' படித்தவர், பள்ளிக்கூடம் நின்ற அன்று கையில் இருந்த புத்தகம் எங்கே போனது என்று கேட்பார். 'எரியும் பனிக்காடு' படித்தவர், ஊரைவிட்டுப் புறப்பட்ட அன்று என்ன நினைத்துக்கொண்டு புறப்பட்டீர்கள் என்று கேட்பார். இவை சிறிய கேள்விகள். சிறிய கேள்விகளுக்கு அறிவுரையாகப் பதில் சொல்ல முடியாது. சொல்கிறவர் சற்று நேரம் ஆற்றின் நடுவுக்குத் திரும்பிப் போய்த்தான் ஆக வேண்டும்.

திரும்பிப் போக விரும்பாதவர்களும் இருப்பார்கள். அவர்களை வற்புறுத்த நமக்கு உரிமையில்லை. 'அதெல்லாம் இப்ப எதுக்கு' என்பது சில வேளைகளில் உண்மையான பதில். அந்த மௌனத்தையும் நாவல்கள் நமக்கு ஓரளவு படிக்கக் கற்றுத்தந்திருக்கின்றன. எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்பதைக் கவனிக்கும் காது, அசோகமித்திரனைப் படித்த காதாக இருந்தால் இன்னும் நன்றாகக் கேட்கும்.

ஆனால் கேட்பதற்கே ஆள் இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. 1948ஐத் தம் கண்ணால் பார்த்து நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இன்று எண்பது வயதுக்கு மேல் ஆகிறது. ஹெப்சிபா ஜேசுதாசன் 2012இல் மறைந்தார், அசோகமித்திரன் 2017இல் மறைந்தார். அவர்களுடைய புத்தகங்கள் காத்திருக்கும், இன்னும் ஐம்பது ஆண்டுகள் கழித்தும் எடுத்துப் படிக்கலாம். அடுத்த அறையில் படுத்திருப்பவர்கள் அவ்வளவு நாள் காத்திருக்க மாட்டார்கள். லிஸிக்காக ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டவர்கள், அவள் வயதொத்த ஒருத்தி தம் வீட்டில் இருந்தால், அவளுக்காகவும் ஒரு மாலையை ஒதுக்க வேண்டும். அங்கே போய் நம் பேச்சைக் குறைத்துக்கொண்டு, அந்தப் புத்தகம் எங்கே போனது என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் போதும்.